சத்தமில்லாத பாஸ்கா

சேசு மரி சூசை

சவேரியார்பாளையம்,
பாப்பாரப்பட்டி வழி,
10.11.2024

மொரப்பூர் மடத்தின் மாணிக்கமும், காது கேளாப் பிள்ளைகளின் மகாராணியும், என் உடன்பிறந்த அக்காள் பெற்றெடுத்த அருந்தவப் புதல்வியுமான அருட்சகோதரி ஜெசிந்தாவுக்கு, கலிலேயா நாட்டு மாஜி மன்னன் ஏரோது என்கிற உன் மாமன் இன்னாசிமுத்து, அரண்மனைக் கொல்லையில் கயிற்றுக் கட்டில் மீது வீற்றிருந்து வரையும் திருமுகம்.

இங்கே நானும், உன் அத்தை பிலோமினாளும், கறவை மாடுகளும் நலம். உன் நலமும், உன் பிள்ளைகள் நலமும், மடத்துச் சமையற்கட்டின் நலமும் அறிய ஆவல்.

போன் இருக்கும்போது தபால்காரரை எதற்கு அலைய விடுகிறார் மாமா என்று நினைப்பாய். போனில் பேசத் தொண்டை வேண்டும். ஆடி மாதம் சேலத்து டாக்டர் என் குரல்வளையை முழுசாக எடுத்து வைத்துக்கொண்டு, பதிலுக்குக் கழுத்தில் ஒரு ஓட்டை போட்டு அனுப்பியது உனக்குத் தெரியும். மூச்சு இப்போது அந்த வாசல் வழியாகத்தான் போய் வருகிறது. கட்டி முழுக்கப் போய்விட்டது என்கிறார்கள். கூடவே ராஜாங்கமும் போய்விட்டது. தட்டி அனுப்பலாமென்றால், மண்வெட்டி பிடித்த என் விரல் ஒரு எழுத்தைத் தொட்டால் போனுக்குள் நாலு எழுத்து குதிக்கிறது. ஆகவே பேனா.

என் குரல் எப்படிப்பட்டது என்று நானே சொன்னால் தற்பெருமை. சொல்லாமல் விட்டால் சரித்திரத்துக்குத் துரோகம். நம் ஊர் பாஸ்காவில், ஏசு சாமி பாடுபட்ட கதையை வருஷா வருஷம் நாம் மேடை கட்டி ஆடுகிறோமே, அதில் நான் ஏரோதுவாக வந்து, "ஏய் நாசரேத்தூரானே, ஒரு அற்புதம் செய்து காட்டடா" என்று ஒரு அதட்டு அதட்டினால், ஒகேனக்கல்லில் விழுந்துகொண்டிருக்கிற தண்ணீர் பாதியில் நின்று, நம்மையா கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்க்கும். பென்னாகரம் சந்தையில் ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓசூர் ரோட்டைப் பிடிக்கும். மைக்செட்டு அன்பு என் காட்சி வந்தாலே மைக்கை அணைத்துவிடுவான், குழாய் வெடித்தால் யார் பதில் சொல்வது என்று.

அதெல்லாம் ஆண்டு அனுபவித்தாயிற்று. வருகிற தவக்காலத்துக்கு ஏரோது வேஷத்தைத் தமிழ்மணிக்குக் கொடுக்க உத்தேசம். பையன் குரல் வெள்ளாட்டுக் குட்டிக்குக் கிரீடம் வைத்த மாதிரிதான் இருக்கும், ஆனாலும் சிம்மாசனம் காலியாகக் கிடக்கக் கூடாது பார். பாஸ்கா குழுத் தலைவர் பதவியையும் உடுப்புப் பெட்டியின் சாவியையும் மட்டும் நான் வைத்துக்கொண்டு, பரம சந்தோஷமாக ஓய்வில் இருக்கிறேன்.

இப்படிக்கு,
முடி துறந்த மாமன்

பாப்பா, அத்தை எழுதறேன். மாமா எழுதுனதுல மாடு நல்லா இருக்குதுங்கறது மட்டுந்தான் நெசம். ஆசுபத்திரியிலிருந்து வந்ததுலருந்து வூட்டு வாசப்படி தாண்டல. கோயிலுக்கும் வரல. யாராச்சும் வந்தா கொல்லைக்குப் போயிடறாரு. உச்சி வெயில்லயும் கழுத்தச் சுத்தித் துண்டு. சிரிக்கறதே இல்ல கண்ணு. சிரிச்சா ஓட்டையில காத்து உஸ்ஸுங்குதாம், அதுக்கு வெக்கம். நீ ஏதாச்சும் பண்ணு.

*

மொரப்பூர்,
1.12.2024

பாசமுள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் ஜெசிந்தாவின் தோத்திரம். ஆண்டவர் அருளால் நானும் பிள்ளைகளும் சுகமே. பனிக்காலம் ஆரம்பித்துவிட்டது. கழுத்து மூச்சுக்கு மெல்லிய துணி போட்டுக்கொள்கிறீர்களா? இருமல் எப்படி இருக்கிறது? இரண்டையும் அத்தையே எழுதட்டும்.

மாமா, நான் இங்கே கணக்கு டீச்சர் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறீர்கள். கணக்கும் எடுக்கிறேன். ஆனால் கொஞ்ச வருஷமாக என் ஊழியம் வேறே. பூசையில் பாட்டு ஆரம்பித்தால் எங்கள் பிள்ளைகள் மற்றவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் பாட்டுகளைச் சைகைக்கு மாற்ற உட்கார்ந்தேன். சொல்லுக்குச் சொல் மாற்றிக் காட்டினேன், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் கையால் தமிழ் எழுதுகிறேனாம், பாடவில்லையாம். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அர்த்தத்தை மட்டும் சொல்லி அவர்களிடமே விட்டேன். இப்போது வானவர் கீதம் வந்தால் எல்லாக் கைகளும் முழங்காலிலிருந்து ஒரே மூச்சாக எழுந்து, தலைக்கு மேலே போய், பத்துப் பத்து விரலாகப் பிரிந்து துடிக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது பங்குச் சாமியார் அடுத்த செபத்தைத் தொடங்க மறந்து நின்றார். நானும் நினைவுபடுத்த மறந்தேன்.

இந்த வருஷம் பிள்ளைகளுக்குப் பாஸ்கா நடிக்க ஆசை, அதுவும் நிஜமான ஊரில், நிஜமான மேடையில். அதனால் குழுத் தலைவரிடம் விண்ணப்பம். பேச்சு இருக்காது, எல்லாம் சைகை. மைக் வேண்டாம். ராத்திரியும் வேண்டாம், வெளிச்சம் இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகள் ஊமைகள். குருத்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை, சாயங்கால வெயிலில் நடத்துவோம்.

ஏரோது மட்டும் நீங்களாகத்தான் இருக்க வேண்டும்.

அன்புடன்,
ஜெசிந்தா

*

சேசு மரி சூசை

சவேரியார்பாளையம்,
27.12.2024

அன்பும் பண்பும் அளவுக்கு மீறிய துணிச்சலும் படைத்த மருமகளுக்கு மாமன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல். இருமல் இல்லை. துணி போட்டுக்கொள்கிறேன். இரண்டையும் நானே எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தால் ஊரில் உண்டான கொந்தளிப்பை வர்ணிக்க ஒரு புராணம் பாடவேண்டும். குழுவினர் என் கொல்லைக்கே வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நான் கழுத்து வரை போர்த்திக்கொண்டு சிலேட்டும் பல்பமுமாகத் தலைமை தாங்கினேன். மைக்செட்டு அன்பு, குழாய் கட்டாத பாஸ்காவை ஏசு சாமியே ஏற்றுக்கொள்ள மாட்டார் என்று வாதாடினான். தமிழ்மணி முகம் தொங்கிப்போயிற்று, பாவம், கண்ணாடி முன் நின்று ஏற்கெனவே அதட்டிப் பழக ஆரம்பித்திருக்கிறான். பகலில் நடத்தினால் ஒட்டுத்தாடி தெரிந்துவிடும் என்று ஒருவர் கவலைப்பட்டார்.

காப்பாற்றியது தேசாதிபதி பிலாத்துதான். நம் பக்கத்துக் காட்டு நஞ்சப்பனை உனக்குத் தெரியுமே. மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிற ஆள், ஆனாலும் அந்த மீசைக்காக நம் பங்கு அவரை பிலாத்து வேஷத்திலிருந்து விட்டதில்லை. அவர் எழுந்து, "நம்ம காட்சியே கை கழுவறதுதானுங்க. அதுக்கு எதுக்குங்க வாயி? நான் இருக்கறனுங்க" என்றார். கூட்டம் சிரித்துவிட்டது. சிரித்த கூட்டம் எதிர்த்து ஓட்டுப் போடாது. ஆகவே மேடை உன் பிள்ளைகளுக்கு. பகலும் உங்களுக்கு.

ஏரோது வேஷத்துக்கு ஆள் பார்த்துக்கொள். கழுத்தில் ஓட்டையோடு ஒரு ராஜா இருந்ததாக வேதத்தில் எங்கேயும் எழுதவில்லை. ஊர் என்னை ஒரு விதமாக ஞாபகம் வைத்திருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும்.

புது வருஷ ஆசீர்வாதங்களுடன்,
மாமன்

*

மொரப்பூர்,
20.1.2025

பாசமுள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் தோத்திரம். பொங்கல் நல்லபடியாக ஆயிற்றா? அத்தையின் முழங்கால் வலி எப்படி? இங்கே எல்லாரும் சுகம்.

நேற்று ஒத்திகையில் நடந்த ஒன்றை எழுதுகிறேன். சந்துரு என்று ஒரு பையன், வத்தல்மலைக்காரன், ஒன்பதாம் வகுப்பு. அவன்தான் ஏசு. ஏரோது காட்சியை விளக்கிக்கொண்டிருந்தேன். ஏரோது என்னென்னவோ கேட்கிறான், ஏசு ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை என்றேன். ஏன் சொல்லவில்லை என்று பிள்ளைகள் கேட்டார்கள். தாழ்மை என்றேன். தீர்க்கதரிசனம் என்றேன். மூடனுக்கு மௌனமே பதில் என்றும் சொல்லிப் பார்த்தேன். யாருக்கும் திருப்தியில்லை.

சந்துரு எழுந்து வந்தான். எனக்கு ஏன் இது புரியவில்லை என்ற ஆச்சரியம் அவன் முகத்தில். சைகையில் சொன்னான்: "போன காட்சியிலேயே கயிறு கட்டிவிட்டார்களே, சிஸ்டர். கை கட்டியிருக்கிறது. அவர் எப்படிப் பேசுவார்?"

மாமா, எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சண்டை போட்டால் அடிக்குக்கூட மன்னிப்பு உண்டு. எதிராளியின் கையைப் பிடித்துக்கொண்டால் மன்னிப்பு கிடையாது. அது வாயைப் பொத்துவதைவிடப் பெரிய பாவம். இது பிள்ளைகளே வகுத்த சட்டம். அவன் அதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு கையும் அசையவில்லை. சின்னவள் கோகிலா தன் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் ஒளித்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக வெள்ளிக்கிழமை தோறும் சிலுவைப்பாதை செய்கிறேன், அந்தக் கயிறு என் கண்ணில் பட்டதே இல்லை. நேற்றுச் சாயங்காலம் கோயிலில், கட்டிய கையோடு ஏசு நிற்கிற முதல் ஸ்தலத்துப் படத்துக்கு முன்னால் நின்றவள், இரண்டாவதற்குப் போகவில்லை.

இப்போது ஒரு சிக்கல். கயிறு கட்டுகிற சேவகனாக நடிக்க ஒரு பிள்ளையும் சம்மதிக்கவில்லை.

ஏரோதுவும் இன்னும் கிடைக்கவில்லை.

அன்புடன்,
ஜெசிந்தா

*

சவேரியார்பாளையம்,
9.2.2025

அன்புள்ள பாப்பாவுக்கு அத்தை எழுதறது. நாங்க சுகம். முழங்கா வலி பரவால்ல. மாமா பதில் போடலன்னு நெனைக்காத. அவரால போட முடியல.

ஒங் கடுதாசியப் படிச்சாரு, மடிச்சாரு, மறுக்கா எடுத்துப் படிச்சாரு. ரெண்டு நாளு சோறு சரியா திங்கல. அப்பறம் சிலேட்டுல "கயிறு கொண்டா"ன்னு எழுதிக் காட்டறாரு. கயிறு தொங்கற ஆணிய மறைச்சு நின்னுக்கிட்டேன். என்னத்துக்குங்கன்னு கேட்டா, ரெண்டு கையையும் சேத்து எம் முன்னால நீட்டறாரு. கன்னுக்குட்டிக் கயித்தால கட்டினேன். இறுக்கிக் கட்டச் சொல்லிக் கண்ணால சாடை.

அப்படியே கட்டில்ல உக்காந்திருந்தாரு. மடியில சிலேட்டு கெடக்குது, பல்பம் கெடக்குது. தண்ணி வேணுமான்னு கேட்டேன். காப்பி வெக்கட்டுமான்னு கேட்டேன். கட்டுன கையி ரெண்டும் மேல வரப் பாக்குது, வரல. என்னையே பாத்தாரு. அவருக்குக் கொரலு போனப்ப நான் அழுவல பாப்பா, உசுரு நின்னுதேன்னு இருந்தேன். அன்னைக்கு அழுதேன்.

பால்காரன் சைக்கிள் மணி கேக்கவும் அவுத்துவுட்டேன். மணிக்கட்டத் தேச்சுக்கிட்டே எழுதுனாரு: "தையல் மிஷினுக்கு எண்ணெய் போடு. ராஜாவுக்கு உடுப்பு வேணும்."

ஒடம்பப் பாத்துக்க.
அத்தை

*

சேசு மரி சூசை

சவேரியார்பாளையம்,
20.2.2025

பேரன்புடைய மருமகளுக்கு. இங்கு அனைவரும் நலம், அங்கும் அவ்வண்ணமே இருக்கக் கடவது.

கலிலேயா அரசாங்கம் உன் மடத்தோடு கீழ்க்கண்ட உடன்படிக்கைக்குச் சம்மதிக்கிறது. ராஜாவின் உடுப்புக்குத் தாடையைத் தொடும் உயரத்துக்குக் காலர் இருக்கும். கொக்கி போட்டு மூடிய அந்தக் காலரைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்கக் கூடாது. ராஜா மேடைக்குப் பின்வழியாக வருவார், பின்வழியாகப் போவார். ஒத்திகைக்கு ஒரே ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி வருவார். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் யாராவது அடையாளம் கண்டு மாலை போட்டால் அதற்கு மடமே பொறுப்பு.

கயிறு கட்டத் தமிழ்மணியை அழைத்து வருகிறேன். சிம்மாசனம் போய்விட்டதே என்று இரண்டு நாள் முறைத்தான். உன் கடிதத்தைப் படிக்கக் கொடுத்தேன். ராஜாவைவிடக் கஷ்டமான வேஷம் இதுதான் மாமா என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டான்.

அத்தை ஏதேனும் எழுதியிருந்தால் அதில் பாதியைத் தள்ளிவிட்டுப் படி.

மாமன்

*

மொரப்பூர்,
18.3.2025

பாசமுள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் தோத்திரம். ஊர் போய்ச் சேர்ந்ததும் அத்தை போன் செய்தார்கள், நிம்மதி. பயணத்தில் தூசி மூச்சுக்குள் போகவில்லையே? நாங்கள் சுகம்.

நீங்கள் வந்து போன நாளிலிருந்து பிள்ளைகளுக்கு வேறு பேச்சில்லை. சாப்பாட்டு வரிசையில்கூட ராஜா நடக்கிறார், ராஜா முறைக்கிறார். உங்களைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்று மட்டும் இப்போது கேட்காதீர்கள்.

சைகை மூன்றும் மறக்கவில்லையே? யார் நீ. ராஜாவா நீ. அற்புதம் காட்டு. மூன்றும் முடிந்ததும் ஏரோது ஏளனமாகச் சிரித்து, வெள்ளை அங்கியைப் போர்த்தி, பிலாத்திடம் திருப்பி அனுப்ப வேண்டும். ஒத்திகையில் சிரிக்க மறுத்துத் தலையை ஆட்டிவிட்டீர்கள். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் காட்சி நிற்காது, மாமா. அங்கே காதால் கேட்டுக் கேலி செய்ய எங்கள் பிள்ளைகளில் ஒருவருமில்லை. ஊர்க்காரர்களை நினைத்துத்தான் தயங்குகிறீர்கள் என்று தெரியும். என்னால் அதற்கு மேல் சொல்ல முடியவில்லை.

அன்புடன்,
ஜெசிந்தா

*

சேசு மரி சூசை

சவேரியார்பாளையம்,
15.4.2025

கண்ணே ஜெசிந்தா, நலமா? பிள்ளைகள் இருட்டுவதற்குள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்களா? காட்சி முடிந்த கையோடு நீ அவர்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு பறந்துவிட்டாய். ஊர்க்காரர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நீ மேடைக்குக் கீழே, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாய் அல்லவா, உன் முதுகுக்குப் பின்னால் நடந்தது உனக்குத் தெரியாது. அதையும், அதைவிட முக்கியமான ஒன்றையும் எழுதவேண்டும்.

முதலில் கூட்டம் முனகியது. படம் ஓடுகிறது, சவுண்டு வரவில்லை என்று எவனோ சொல்ல, பொரி விற்கிறவன் சிரித்தான். மலைப் பிரசங்கத்தில் சந்துரு கையை விரித்தானே, அப்போது பாதி முனகல் போயிற்று. இராப்போஜனத்தில் அப்பத்தைப் பிட்ட கை அப்படியே பேச்சாகவும் மாறி, உண்ணுங்கள், இது நான், என்று சொன்னபோது, பொரி விற்கிறவன் கூடையைக் கீழே வைத்துவிட்டான். நான் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பென்னாகரம் ரோட்டில் பஸ் போகிற சத்தமும், எங்கோ ஒரு கோழியும், அவ்வளவுதான்.

பிறகு தோட்டத்துக் காட்சி. தமிழ்மணி கயிற்றோடு வந்தான். கயிறு மணிக்கட்டில் விழுந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த உன் சின்னப் பிள்ளைகள் எல்லாரும் ஒரேயடியாக எழுந்து நின்றார்கள். அந்தக் கோகிலா மேடையில் ஏறி, தமிழ்மணியைத் தள்ளிவிட்டு, முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்க்கப் பார்த்தாள். நீ தூக்கிக்கொண்டு போனாய். நீ பார்க்காதது இது: ஊர் முழுக்கத் தன் தன் கையைப் பார்த்தது. எத்தனையோ வருஷமாகச் சாட்டையடிக்கு ஒப்பாரி வைத்த பெண்கள், அன்று கயிற்றுக்கு ஒரு சத்தமும் இல்லாமல் கண்ணீர் விட்டார்கள். வாயாடி ராமக்காள் தன் ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் மிகைப்படுத்தி எழுதுகிறவன்தான். இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை. கூட்டப் பார்த்தேன், இடமில்லை.

இனி என் கதை. சிம்மாசனத்தில் உட்கார்ந்தேன். பையனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். யார் நீ என்றேன். ராஜாவா நீ என்றேன். அற்புதம் காட்டு என்று கையை நீட்டினேன். அப்படியே நின்றுவிட்டேன். அடுத்து என்ன என்று ஒன்றும் ஞாபகமில்லை. எதிரில் அந்தக் கட்டிய கைதான் இருந்தது. இத்தனை வருஷம் அந்தக் கைக்கு முன்னால் நின்று குரைத்திருக்கிறேனே, என்ன குரை குரைத்திருக்கிறேன் என்றுதான் ஓடியது. இறங்கி ஓடிவிடலாம் என்று பாதி திரும்பியும்விட்டேன்.

அப்போது அவன் கை அசைந்தது. கயிற்றுக்குள்ளேயே, வயிற்றுக்குப் பக்கத்தில், எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து சின்னதாக ஒரு வளையம். அதை மேலே தூக்கப் பார்த்தான், கயிறு விடவில்லை, நெஞ்சுக்குழியோடு நின்றுவிட்டது. அங்கேயே இரண்டு தட்டுத் தட்டினான். என்னை நேராகப் பார்த்தான். ஆடி மாதத்திலிருந்து என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் கழுத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொள்வார்கள். இவன் திருப்பவில்லை.

ஏசு ஏரோதுவிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்றுதான் வேதம் சொல்கிறது. என்னிடம் பேசினார்.

எனக்கு உயிர் வந்தது. சிரித்தேன். சிரிப்பு என்றா சொல்வது அதை? காலர் இடுக்கு வழியாகக் காற்று உஸ்ஸென்று சீறியது, பாம்புப் புற்றில் தண்ணீர் ஊற்றிய மாதிரி. பாஸ்கா முழுக்க அந்த மேடையிலிருந்து வந்த ஒரே சத்தம் அதுதான். பிள்ளைகளுக்கு அடுத்திருந்த ஊர்க்காரர் வரிசை பின்னால் நகர்ந்தது. கிழவிகள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒருவரும் கேலியாகப் பார்க்கவில்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு ஏரோது சிரிப்பு நான் சிரித்ததில்லை, மைக்கோடும் இல்லாமலும். அன்பு வந்து என் கையைப் பிடித்து, "மாமா, குலை நடுங்கிப் போச்சுங்க" என்றான். பின்வழியாகப் போகிற ஒப்பந்தத்தை ராஜாவே மீறி, கோயில் வாசலில் ஊர் கலைகிற வரை நின்றேன்.

இப்போது சொல். அந்த வளையம் என்ன? நம் கோயில் உபதேசியார் முட்கிரீடம் என்கிறார். எனக்கு நற்கருணை அப்பம் என்று படுகிறது. எல்லாம் ஓகே என்று சொல்லியிருப்பான் என்கிறான் அன்பு. உன் அத்தை, பையனுக்குப் பசி, வடை கேட்டிருப்பான் என்கிறாள். சந்துருவைக் கேட்டு எழுது. எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

பாஸ்கு திருவிழா வாழ்த்துக்களுடன்,
மாமன்

*

சேசு மரி சூசை

சவேரியார்பாளையம்,
4.5.2025

சிஸ்டர் ஜெசிந்தாவுக்கு மாமன் எழுதுவது. நான் நலம். நீ நலமாகத்தான் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் மடத்திலிருந்து தகவல் வந்திருக்கும்.

தபால்காரர் என்னைக் கண்டால் சந்தைத் தெரு வழியாகச் சுற்றிப் போகிறார். ஒரு கேள்வி கேட்டேன். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது. தெரிந்தும் எழுதவில்லை என்றால், அது நான் தாங்கக்கூடாத பதில் என்றுதான் அர்த்தம். நான் எதையெல்லாம் தாங்கியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். எழுது.

மாமன்

*

மொரப்பூர்,
14.5.2025

பாசமுள்ள மாமாவுக்குத் தோத்திரம். சுகமாக இருக்கிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள். எழுதி எழுதிக் கிழித்தேன். சந்துரு லீவுக்கு மலைக்குப் போகும் முன்பே கேட்டுவிட்டேன். கேட்பதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

எங்கள் பிள்ளைகளுக்குக் காகிதத்தில் இருக்கிற பெயர் பெயரில்லை. யார் வந்தாலும் பார்த்து, ஒரு சைகையைப் பெயராக வைப்பார்கள். கண்ணில் முதலில் எது படுகிறதோ அதுதான் பெயர். என் பெயர், மூக்கிலிருந்து வழுக்கும் கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளுவது. எங்கள் மதரின் பெயர் கன்னத்து மரு. மதரே தன் பெயரை அப்படித்தான் சொல்லிக்கொள்வார். இதில் கேலி கிடையாது. பெயர் வைத்தால் எங்களில் ஒருவர் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

நீங்கள் ஒத்திகைக்கு வந்த அன்று டீ குடிக்கும்போது காலர் கொக்கி கழன்றிருந்தது. நீங்கள் கவனிக்கவில்லை. கோகிலா பார்த்துவிட்டாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குள் பள்ளிக்கூடம் முழுக்க உங்களுக்குப் பெயர் வந்துவிட்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு வளையம், அதைத் தொண்டைக்குழியில் வைத்து இரண்டு தட்டு.

நீங்கள் எதை ஊருக்கு மறைத்தீர்களோ அதுவே உங்கள் பெயராகிவிட்டது. அதை உங்களிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. நீங்கள் அப்பம் என்றும் முட்கிரீடம் என்றும் எழுதியதைப் படித்த பிறகு சுத்தமாக இல்லை.

சந்துரு சொன்னது இது: "ராஜா நின்றுவிட்டார். பயந்துவிட்டார். கை கட்டியிருந்தது, மேலே எட்டவில்லை. எட்டிய இடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்." பிறகு என்னைக் கேட்டான், ராஜா கோபித்துக்கொண்டாரா என்று.

நான் என்ன சொல்லட்டும், மாமா?

அன்புடன்,
ஜெசிந்தா

*

சேசு மரி சூசை

சவேரியார்பாளையம்,
8.6.2025

அன்பு மருமகளுக்கு மாமன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். மழை ஒரு தடவை தலைகாட்டிப் போயிற்று. உங்கள் பக்கம் எப்படி? பள்ளிக்கூடம் திறந்தாயிற்றா?

உன் கடிதம் வந்த அன்று நான் கோபித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து துண்டை அவிழ்த்து, அந்த ஓட்டையை முதல் தடவையாக நிதானமாகப் பார்த்தேன். விரலை வளைத்து வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்துகிறது. என் அப்பா, ஞானஸ்நானம் கொடுத்த சாமியார், பள்ளிக்கூடத்து வாத்தியார், ரேஷன் கார்டு எழுதியவர், யாரும் என்னை இவ்வளவு பார்த்துப் பெயர் வைத்ததில்லை.

இத்தனை நாளும் நான் ஏசு எனக்கு ஒரு பெரிய மறைபொருளைச் சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு அலைந்தேன். அவர் சொன்னது என் பெயரை. கை கட்டியிருந்த நேரத்தில், வேறு யாருக்கும் ஒன்றும் சொல்லாத நேரத்தில், ஏளனம் செய்யப் போகிறவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஜெசிந்தா, இதற்குமேல் எதை வைத்து மிகைப்படுத்துவது?

சந்துருவிடம் சொல், ராஜா கோபிக்கவில்லை. ராஜாவுக்குக் கேட்டது.

போன வாரம் உன் அத்தையோடு பாப்பாரப்பட்டி சந்தைக்குப் போனேன். கடலை விதை பார்க்க வேண்டியிருந்தது. மெல்லிய துணி மட்டும்தான் கழுத்தில். கூட்டத்தில் அவளைத் தவறவிட்டுவிட்டேன். அவள் என்னைக் கூப்பிடுவதென்றால் ஏனுங்க என்றுதான் கூப்பிடுவாள். தாலி கட்டிய நாளிலிருந்து என் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்கிற வழக்கம் அவள் பிறந்த வீட்டிலும் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை. சந்தையில் ஏனுங்க என்றால் பாதிச் சந்தை திரும்பும். எனக்கோ பதிலுக்குக் குரல் கொடுக்க வழியில்லை. தேடிக்கொண்டு நின்றேன்.

வெங்காயக் கடைப் படியில் ஏறி நிற்கிறாள். தலைக்கு மேல் தலையாக ஜனம். என்னைப் பார்த்துவிட்டாள். கூடையைக் கீழே வைத்தாள். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள், கல்யாணப் பெண் மாதிரி முகம் சிவந்துபோயிற்று அவளுக்கு. பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கி, தன் தொண்டைக்குழியில் வைத்து, இரண்டு தட்டுத் தட்டி, அத்தனை பேர் நடுவிலும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

இப்படிக்கு,
அந்தப் பெயருடைய உன் மாமன்